மனுவில் விடுபட்ட கோபம்

பந்தலூர்ப் பக்கம் தேயிலை எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு நான் மனு எழுதிக் கொடுப்பதுண்டு. முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, குழாயில் தண்ணீர் வராதது, யானை இடித்த சமையல்கட்டுச் சுவர் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று வரும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அக்கா வந்தார். 31 வருஷம் கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகியும் கிராஜுவிட்டி வரவில்லை. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி என்று சட்டம் கொடுக்கச் சொல்கிற பணம் அது. ஆபீசில் கேட்டால் அடுத்த மாசம் வா என்கிறார்கள். அடுத்த மாசம் போனால் ரைட்டர் லீவு. அதற்குள் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள். சொல்லச் சொல்ல அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. நடுவில் அழுதார். "மழைல, அட்டைக் கடியில, வயித்துப் பிள்ளையோட மலை ஏறுனவ பாப்பா நானு. இப்ப பிச்சைக்கு வந்தவ மாதிரி வெளிய நிக்கவெச்சுப் பேசுறாங்க" என்றார்.

நான் எழுதியது இது: "31 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற எனக்குச் சேர வேண்டிய பணிக்கொடை இதுநாள்வரை வழங்கப்படவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்." படித்துக் காட்டினேன். அக்கா கடைசிவரை கேட்டார். "சரியாத்தான் எழுதியிருக்க. ஆனா நான் சொன்னது எதுவும் இதுல இல்லையே" என்றார். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்தை நிதானமாகப் போட்டுவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மனுவில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் என் கை தானாகப் பிரித்துவிட்டது. வருஷம், தொகை, தேதி எல்லாம் விஷயம். அழுகை, அவமானம், கோபம் எல்லாம் விஷயத்துக்கு வெளியே. இப்படிப் பிரிப்பதால் யாருக்கு லாபம்? அரசியல் சிந்தனையில் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுவருபவர்கள் அரசின்மைவாதிகளும் பெண்ணியவாதிகளும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை, எனக்குப் புரிந்த வழியிலேயே இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிபண்ணிக்கொள்ள வேண்டும். அனார்கிசத்தை அராஜகம் என்று மொழிபெயர்த்தால் தப்பான அர்த்தம் வந்துவிடுகிறது. அடிதடி, சூறையாடல் நடந்தால்தான் நாம் அராஜகம் என்கிறோம். அரசின்மைவாதம் சொல்வது வேறு. மனிதரை மனிதர் ஆள்வதற்கு இயல்பான உரிமை எதுவும் கிடையாது. மேலிருந்து உத்தரவு இல்லாமலே, பேசி ஒத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் உதவி மனிதர்கள் வாழ முடியும் என்கிறது அது. 1902இல் க்ரோபோட்கின் என்ற ருஷ்ய அரசின்மைவாதி இந்தப் பரஸ்பர உதவியைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். யானை சுவரை இடித்த மறுநாள் காலை, ஆபீசிலிருந்து ஆள் வருவதற்குள் லைன்காரர்கள் கல்லும் மண்ணும் சுமந்து சுவரை எழுப்பிவிடுவார்களே, அதுதான் அவர் சொன்னது.

ஆனால் ஆளுகை அரண்மனையில் மட்டுமா இருக்கிறது? தன்னை அரசின்மைவாதி என்று முதன்முதலில் வெளிப்படையாக அழைத்துக்கொண்டவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ப்ரூதோன், 1840இல். அதே ப்ரூதோன் பெண்ணுக்கு இடம் வீடு, அங்கே கணவன் சொல்தான் சட்டம் என்று எழுதினார். ஜோசப் தெஜாக் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1857இல் அவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி இதற்காகக் கடுமையாகச் சாடினார். முதலாளி வேண்டாம், ஆனால் வீட்டுக்குள் ஆண் எஜமானன் மட்டும் இருக்கட்டும் என்பது என்ன நியாயம் என்பதுதான் அந்தச் சண்டையின் சாரம். பெண்ணியம் இங்கேதான் உள்ளே வருகிறது. அதிகாரம் சமையல்கட்டிலும் படுக்கையிலும் குழந்தை வளர்ப்பிலும் இருக்கிறது என்று காட்டியது அது. அமெரிக்கப் பெண்ணியவாதி கேரல் ஹானிஷ் 1969இல் எழுதிய ஒரு குறிப்புதான் 'தனிப்பட்டதும் அரசியலே' என்ற தலைப்போடு மறு ஆண்டு அச்சில் வந்தது. பெண்கள் கூடி உட்கார்ந்து சொந்தக் கதையைப் பேசினால் அது அரசியல் ஆகாது, மனப்பாரம் இறக்கிவைப்பதுதான் என்று கேலி பேசியவர்களுக்கான பதில் அது.

சரி, உணர்ச்சிக்கு வருவோம். உணர்ச்சி மனசுக்குள் தன்பாட்டில் நடப்பது, அரசியல் வெளியே நடப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தொல்காப்பியம் அப்படி நினைக்கவில்லை. மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணம் தருகிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவாக நடத்தப்படுவது முதலில் நிற்கிறது, இழப்பும் தளர்ச்சியும் நடுவில், வறுமை கடைசியில். வெகுளி என்ற கோபத்துக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பை வெட்டுவது, குடியைக் கெடுப்பது, வருத்துவது, கொல்வது. அக்காவின் கதையை இதில் வைத்துப் பாருங்கள். ஆபீசுக்கு வெளியே நிற்கவைத்தது இளிவு. வீட்டைவிட்டுப் போகச் சொன்னது குடிகோள். மாசா மாசம் வரச்சொல்லித் திருப்பி அனுப்பியது அலை. அவருடைய அழுகைக்கும் கோபத்துக்கும் இலக்கணத்திலேயே இடம் இருக்கிறது. என் மனுவில்தான் இல்லாமல் போனது.

அச்சத்துக்குச் சொல்லும் நான்கு காரணங்கள்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாகப் படுகின்றன. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், காட்டு மிருகம், திருடர், அப்புறம் தன்னை ஆள்பவர். இங்கே கொழுந்து எடுப்பவர்களுக்கு இந்த வரிசையை விளக்கவே வேண்டாம். காலையில் மலைக்குள் இறங்கும்போது தேயிலைச் செடிக்கு அடியில் கரடியோ சிறுத்தையோ படுத்திருக்கும் என்று சத்தம் போட்டுக்கொண்டே இறங்குவார்கள். அப்படிச் சத்தம் போட்ட அதே பெண்கள் சூப்பர்வைசரின் தொப்பி மேட்டில் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தோள் ஒடுங்கும், கை வேகம் பிடிக்கும். நான் சின்ன வயசில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அதிகாரம் என்பது சட்டமாகவும் சம்பளமாகவும் இருப்பதற்கு முன்னால் இப்படி உடம்பில்தான் குடியேறுகிறது. ஆள்பவரை மிருகத்துக்கும் திருடருக்கும் அடுத்து வைத்த அந்த ஒரு வரி எனக்கு அரசின்மைவாதத்தைப் புரியவைத்தது.

இப்போது பாலினம். அதே தொல்காப்பியம் களவியலில் பெருமையும் உரனும் (வலிமையும்) ஆணுக்கு என்கிறது. அச்சமும் நாணும் மடனும் (அறியாமையும்) எப்போதும் பெண்ணுக்கு உரியவை என்கிறது. காரணத்தோடு பிறக்கிற ஒன்றாக மெய்ப்பாட்டியல் காட்டிய அச்சம், இங்கே காரணமே இல்லாமல் பெண்ணின் பிறவிக்குணம் ஆகிவிடுகிறது. அழுத ஆணையும் சிரித்த பெண்ணையும் நம்பாதே என்று ஊரில் சொல்கிறார்களே, அதுவும் இதே பங்கீடுதான். கோபம் ஆணுக்கு, கண்ணீர் பெண்ணுக்கு. ஆண் மேடையில் கத்தினால் ஆவேசப் பேச்சு, பெண் கத்தினால் வாயாடி. பெண்ணியம் இதை இரண்டு வழியில் எதிர்கொண்டது. பெண்ணுக்கும் பகுத்தறிவு உண்டு என்று ஒரு சாரார் வாதாடினார்கள். உணர்ச்சியைப் பகுத்தறிவுக்கு எதிரி என்று சொன்னதே தவறு என்று இன்னொரு சாரார் போனார்கள். நான் இரண்டாவது கட்சி. முதலாவதின் அவசியம் புரிகிறது, ஆனால் அதன் பாதையில் போனால் என் மனுவில்தான் வந்து முடியும்.

இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் வாழ்ந்த கதை ஒன்று உண்டு. வில்லியம் காட்வின் என்ற ஆங்கிலேயர் 1793இல் ஒரு பெரிய அரசியல் நூல் எழுதினார். அரசே இல்லாமல் போகும் நாளை எதிர்பார்த்த நூல் அது. அதில் ஓர் உதாரணம். ஒரு மாளிகை தீப்பற்றி எரிகிறது. உள்ளே ஃபெனலான் என்ற பேரறிஞரும் அவர் வீட்டு வேலைக்காரியும் மாட்டிக்கொண்டார்கள். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். உலகத்துக்கு அதிகம் பயன்படுகிற அறிஞரைத்தான் காப்பாற்ற வேண்டும், அந்த வேலைக்காரி என் மனைவியாகவோ தாயாகவோ இருந்தாலும் சரி என்றார் காட்வின். 'என்' என்ற சொல்லுக்கு அப்படி என்ன மந்திரம் என்று கேட்டார். நீதிக்குப் பாசம் இடைஞ்சல் என்பது அவர் வாதம். தீயில் விடப்படுபவள் பெண், அதிலும் வேலைக்காரி என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பிந்தைய பதிப்பில் அவளை ஆண் வேலைக்காரனாக மாற்றினார்.

மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1792இல், பெண்கள் உரிமைக்காக எழுதியவர். பெண்ணை உணர்ச்சிக் குவியலாக வளர்த்துவிட்டு, அவளுக்கு அறிவில்லை என்று சொல்வதை எதிர்த்தவர். 1796இல் அவர் ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பயணத்தைக் கடிதங்களாக வெளியிட்டார். கைவிட்டுப்போன காதலனுக்கு எழுதிய கடிதங்கள். கைக்குழந்தையோடு போன பயணம். அதில் வியாபாரிகளின் பேராசையும், விவசாயிகளின் நிலையும், பெற்ற மகளின் எதிர்காலத்தைப் பற்றிய கலக்கமும் ஒரே பக்கத்தில் கலந்து வரும். துக்கம் தனி, அரசியல் தனி என்று அவர் பிரிக்கவில்லை. எழுதியவர்மேல் காதல் கொள்ளவைக்கிற புத்தகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று காட்வினே பின்னால் எழுதினார். 1797 மார்ச்சில் இருவருக்கும் கல்யாணம். ஆகஸ்ட் கடைசியில் பெண் குழந்தை பிறந்து, சில நாட்களில், செப்டம்பரில், மேரி இறந்துபோனார். மறு ஆண்டே காட்வின் அவருடைய வாழ்க்கையை எதையும் மறைக்காமல் எழுதினார். மணமாகாமல் குழந்தை பெற்றது, தற்கொலை முயற்சி எல்லாம் வெளியே வந்தன. எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பார்த்தீர்களா, பெண்ணுரிமை பேசினால் இப்படித்தான் என்று சொல்லி அவர் எழுத்தையே பல பத்தாண்டுகளுக்கு ஒதுக்கிவைத்தார்கள். பாசத்தைத் தீயில் விடச் சொன்ன மனிதர் 1799இல் வந்த தன் நாவலின் முன்னுரையில், வீட்டு அன்பும் நீதியும் ஒத்துப்போகக்கூடியவைதான் என்று தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். அதனால் அவர் பெயர் கெடவில்லை. மேரியின் பெயர் கெட்டது. உணர்ச்சியை எழுத்தில் வைத்தால் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை என்று சொல்வது இதைத்தான்.

இந்த விலை தெரிந்தே எழுதியவர் எம்மா கோல்ட்மன் (1869-1940). ருஷ்யப் பேரரசில் பிறந்து அமெரிக்காவில் கூட்டம் கூட்டமாகப் பேசிய அரசின்மைவாதி. போராட்டக்காரிக்கு இப்படி நடனம் ஆடுவது அழகல்ல என்று ஒரு தோழர் சொன்னபோது கோபம் பொங்கியதைத் தன் வரலாற்றில், 1931இல், விரிவாக எழுதியிருக்கிறார். விடுதலைக்கான இயக்கம் சந்தோஷத்தை மறுக்கச் சொன்னால் அது என்ன விடுதலை என்பது அவர் கேள்வி. பொறாமையைப் பற்றி ஊர் ஊராகப் பேசினார். மனைவியைச் சொத்தாக நினைக்கும் பழக்கத்திலிருந்து பிறப்பது பொறாமை, அது காதலின் அடையாளம் அல்ல என்றார். ஆனால் 1908இல் அறிமுகமான பென் ரைட்மன் மேல் அவருக்கு இருந்த காதலும் பொறாமையும் அவரை உலுக்கி எடுத்தன. அவருக்கு எம்மா எழுதிய கடிதங்கள் 1975இல் சிகாகோவில் ஒரு கிடார் கடையில் ஒரு பெட்டிக்குள் கிடைத்தன. இந்தக் கடிதங்கள் வெளியே வந்தால் எதற்கும் அஞ்சாத எம்மா, கப்பல் உடைந்து கடலில் தத்தளிப்பவர்களைப்போல ஆதரவற்று நின்றாளா என்று உலகம் திகைக்கும் என அவரே அவற்றில் ஒன்றில் எழுதியிருக்கிறார்.

மேடையில் ஒன்று, கடிதத்தில் ஒன்று என்றால் அவர் போலியா? நான் அப்படி நினைக்கவில்லை. தான் எந்த விலங்கைப் பற்றிப் பேசினாரோ அது தன் காலிலும் இருப்பதை அவர் அறிந்திருந்தார். பொறாமை கூடாது என்ற கொள்கை பேச்சில் சுலபமாக வந்துவிடும். கொள்கைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைக் கடிதம் போன்ற எழுத்துத்தான் காட்டும். அதனால்தான் பெண்ணிய ஆய்வாளர்கள் கடிதம், நாட்குறிப்பு, தன்வரலாறு எல்லாவற்றையும் அரசியல் எழுத்தாகவே படிக்கிறார்கள்.

நம்மிடமும் அப்படி ஒரு எழுத்து உண்டு. 1933 மே மாதம் மனைவி நாகம்மையார் இறந்தபோது பெரியார் தன் குடி அரசு பத்திரிகையில் எழுதிய இரங்கல். பெரியார் அரசின்மைவாதி அல்ல, ஆனால் பெண் விடுதலைக்கு ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்றவர். அந்த இரங்கலில், பெண் சுதந்திரத்தைப் பற்றி ஊருக்குப் போதித்ததில் நூறில் ஒரு பங்காவது நாகம்மாள் விஷயத்தில் நடந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று எழுதினார். அவர் போனதை அடிமை போயிற்று என்பதா, ஆதரவு போயிற்று என்பதா, இன்பம், உணர்ச்சி, ஊக்கம் போயிற்று என்பதா என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கிவிட்டு, எதுவும் விளங்கவில்லை என்று நிறுத்தினார். அந்த அடுக்கில் 'அடிமை' முதலில் வருகிறது. துக்கத்தின் நடுவில் ஒரு மனிதர் தன் வீட்டுக்குள் இருந்த அதிகாரத்தைப் பெயர் சொல்லி அழைக்கிறார். துக்கம் அந்தச் சிந்தனையைக் கெடுக்கவில்லை. துக்கம்தான் அதைச் சொல்லவைத்தது.

உணர்ச்சி இன்னொரு வகையிலும் அரசியலாகிறது: அதை வேலையாக வாங்குகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் இதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர் வைத்தார். பெரும்பாலும் பெண்களான விமானப் பணிப்பெண்கள் சிரிக்கப் பழக்கப்படுகிறார்கள். கடன் வசூலிப்பவர்கள், அநேகமாக ஆண்கள், இரக்கத்தை அடக்கப் பழக்கப்படுகிறார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஊட்டியில் சீசன் நேரத்தில் ஹோட்டல் வரவேற்பில் நிற்கும் பெண்ணையும், திங்கட்கிழமை லைனுக்குக் குழுக்கடன் வசூலிக்க வரும் பையனையும் பார்த்தால் போதும். அந்தப் பையனும் ஓர் எஸ்டேட் பையன்தான். வாசலில் பைக்கை நிறுத்தியதும் அவன் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கோபம். பெண்ணிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது இதுதான் என்பதால் பெண்ணியர்கள் இதை அதிகம் எழுதினார்கள். 1896இல் ப்யூனஸ் அயர்ஸில் அரசின்மைவாதப் பெண்கள் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். கடவுளும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம், கணவனும் வேண்டாம் என்பது அவர்கள் முழக்கம். முதல் இதழுக்கே சொந்த இயக்கத்து ஆண்கள் முகம் சுளித்தார்கள். இரண்டாம் இதழில் பெண்கள் அவர்களைப் போலி அரசின்மைவாதிகள் என்று வெளுத்து வாங்கினார்கள். ஒன்பது இதழ்கள்தான் வந்தன. ஸ்பெயினில் லூசியா சாஞ்செஸ் சோர்னில் என்ற தொலைபேசி ஊழியர் பெண்களை நேசித்து எழுதிய கவிதைகளை ஆண் பெயரில்தான் அச்சேற்ற முடிந்தது. 1936இல் அவரும் இரண்டு தோழிகளும் தொடங்கிய 'சுதந்திரப் பெண்கள்' அமைப்பு, 20,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே முதல் வேலைகளில் ஒன்றாக வைத்தது. அக்காவின் அறிவொளிக் கையெழுத்து எனக்கு அந்த வகுப்புகளைத்தான் நினைவூட்டியது.

ஆட்ரி லார்ட் என்ற கறுப்பினக் கவிஞர் 1981இல் பெண்கள் மாநாடு ஒன்றில் கோபத்தின் பயன்களைப் பற்றிப் பேசினார். கோபத்துக்குள் தகவல் இருக்கிறது, வேலை செய்யும் சக்தி இருக்கிறது என்றார். எங்கே அநியாயம் நடந்தது என்று முதலில் தெரிவிப்பது கோபம்தான். எல்லாக் கோபமும் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. சாயங்காலம் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவனுக்கும் கோபம்தான். அவனைப் பகலில் வருத்தியவர் வேறு, அவன் அடிப்பது வேறொருவரை. எதிலிருந்து பிறந்தது, யார்மேல் போகிறது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தபோது அது இரண்டுமே தெளிவாக இருந்தது. கம்பெனிமேல் கோபம், கூடவே தங்களுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த சங்கத் தலைவர்கள்மேலும் கோபம். தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. பின்னால் யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்ற பேச்சு உடனே கிளம்பியது. பெண்ணுக்குச் சொந்தமாகக் கோபம் வரும் என்று நம்ப அவ்வளவு கஷ்டம். கேட்ட 20 சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். எங்கள் லைனில் டிவி இருந்த வீட்டில் அந்த வாரம் பெண்கள் நின்றுகொண்டே செய்தி பார்த்தார்கள்.

அக்காவின் முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. அவர் திரும்ப வந்தபோது புதுத் தாள் எடுத்தேன். வருஷம், தொகை, தேதி எல்லாம் முன்போலவே. பணிவுடன் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். கீழே, மனுதாரர் சொன்ன சொற்கள் என்று தலைப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல அவருடைய பேச்சிலேயே எழுதினேன். மழை, அட்டை, வயிற்றுப் பிள்ளை எல்லாம் வந்தன. வெளியே நிற்கவைத்ததும் வந்தது. படித்துக் காட்டியபோது ஓர் இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அழுதேன்னு போட்டிருக்கியே, அது வேணாம். அது உங்கிட்ட அழுதது. கோவமா இருக்கேன்னு போடு."

அடித்துவிட்டு மாற்றினேன். கையெழுத்துப் போட்டார். கொடுத்து ஏழு வாரம் ஆகிறது. பணம் இன்னும் வரவில்லை. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வந்த ஆள் அதற்கப்புறம் வரவில்லை. பக்கத்து லைனிலிருந்து இன்னும் நான்கு பேர் அதே மாதிரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.